மதர்போர்டை மாற்றினால் விண்டோஸ் உரிமம் யாருக்கு?

தாப்பாவிலிருந்து பழைய மலைச்சாலையில் ஏறினால் கேமரன் மலையில் முதலில் வரும் ஊர் ரிங்லெட். அங்கே தேயிலைக்கு ஒத்துப்போகும் ஈரம் கணினிக்கு ஒத்துப்போவதில்லை. பிற்பகல் மழையோடு இடி இறங்கும்போது, மின்கம்பி வழியாகவோ இணையக் கம்பி வழியாகவோ பாயும் மின்னழுத்தம் மேசைக் கணினியின் மதர்போர்டைச் சுட்டுவிடுவது உண்டு. ஈரம் அதே வேலையை மெதுவாகச் செய்கிறது. பலகையின் உலோக இணைப்புகளை அரிக்கிறது.

கடையில் வேறு மதர்போர்டு போட்டு, பழைய வன்தட்டை அப்படியே பூட்டித் தருகிறார்கள். பிள்ளையின் பாடங்களும் அப்பாவின் தோட்டக் கணக்கும் பத்திரமாக இருக்கின்றன. ஆனால் திரையின் வலது மூலையில், விண்டோஸை ஆக்டிவேட் செய்யச் சொல்லும் மங்கலான எழுத்து எட்டிப் பார்க்கிறது. காசு கொடுத்து வாங்கிய விண்டோஸ் எங்கே போயிற்று?

விண்டோஸ் வன்தட்டில்தான் இருக்கிறது. அதன் உரிமம் அங்கே இல்லை. குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது.

2001இல் வந்த எக்ஸ்பி, கணினியின் பத்து உறுப்புகளைப் பார்த்து அதற்கு ஓர் அடையாளம் கணக்கிட்டது. மாற்றம் ஓர் அளவைத் தாண்டினால் மறுபடியும் அனுமதி கேட்டது. 2012இல் விண்டோஸ் 8 வந்தபோது, தயாரிப்பு நிறுவனங்கள் உரிமச் சாவியை மதர்போர்டில் உள்ள நிலைபொருள் சில்லிலேயே எழுதி அனுப்பத் தொடங்கின. பெட்டியின் முதுகில் சாவி எண் அச்சிட்ட ஒட்டுத்தாள் மறைந்தது அப்போதுதான். 2015இல் விண்டோஸ் 10 இன்னொரு வழியைக் கொண்டுவந்தது. கணினியின் அடையாளம் மைக்ரோசாப்ட் சர்வரில் பதிவாகிறது. விண்டோஸை அழித்து மீண்டும் நிறுவினாலும் சர்வர் அந்தக் கணினியை அடையாளம் கண்டு அனுமதித்துவிடும். இதற்கு டிஜிட்டல் உரிமம் என்று பெயர்.

ராம் கூட்டினாலும், வன்தட்டை எஸ்எஸ்டிக்கு மாற்றினாலும் சர்வர் பொதுவாகக் கண்டுகொள்வதில்லை. மதர்போர்டு அப்படியல்ல. சாவி எழுதிய சில்லு, வலையமைப்புச் சில்லு எல்லாம் அதில்தான். அதை மாற்றினால் சர்வருக்கு அது முன்பின் தெரியாத கணினி.

சரி, உரிமை யாருக்கு? விண்டோஸை எப்படி வாங்கினோம் என்பதைப் பொறுத்தது அது. தனியாக விலை கொடுத்து வாங்கிய சில்லறை உரிமம் என்றால் வாங்கியவருக்கே சொந்தம். பழைய கணினியிலிருந்து நீக்கிவிட்டுப் புதியதில் போடலாம். கணினியோடு சேர்ந்து வந்த ஓஇஎம் உரிமம் அந்தக் கணினியோடு பிறந்து அதோடு முடிவது. நம் வீடுகளில் பெரும்பாலும் இருப்பது இதுதான். 'கணினி' என்பதற்கு மைக்ரோசாப்ட் இங்கே வைத்திருக்கும் பொருளும் மதர்போர்டுதான். வேகத்துக்காகப் பலகையை மாற்றினால் அது புதுக் கணினி, புது உரிமம் வேண்டும். பழுதான பலகைக்குப் பதிலாக அதே மாதிரியோ அதற்கு இணையானதோ போட்டால் பழைய உரிமமே செல்லும். இடியில் கருகிய பலகை இரண்டாவது வகை. கடைக்காரர்கள் பலர் இந்த வேறுபாட்டைச் சொல்வதில்லை. புது உரிமம் விற்பது அவர்களுக்கு எளிது.

இந்த விதி எங்கும் ஒன்றுபோல ஏற்கப்பட்டதும் அல்ல. கணினியோடு சேர்த்துத்தான் விற்கவேண்டும் என்ற மைக்ரோசாப்டின் நிபந்தனை, முறையாக விற்பனைக்கு வந்த ஓஇஎம் பிரதியை அடுத்தடுத்து வாங்கி விற்பவர்களைக் கட்டுப்படுத்தாது என்று ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் 2000 ஜூலையில் தீர்ப்பளித்தது. பயன்படுத்திய மென்பொருள் உரிமத்தை மறுவிற்பனை செய்யலாம் என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2012 ஜூலையில், ஆரக்கிள் நிறுவனம் தொடர்பான வழக்கில் சொன்னது. ஐரோப்பாவில் வாங்குபவருக்கு இருக்கும் இந்தப் பிடிமானத்தை அந்தத் தீர்ப்புகள் நமக்குத் தந்துவிடாது.

இந்தக் கேள்வி இப்போது அடிக்கடி எழக் காரணம் உண்டு. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும், இன்டெல் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய செயலியும் வேண்டும். பழைய பெட்டியில் புதுப் பலகையும் செயலியும் போட்டுக்கொள்ள நினைப்பவர்களுக்குப் பழைய விண்டோஸ் 10 சில்லறை உரிமம் அதே பதிப்பு விண்டோஸ் 11க்கும் செல்லும் என்பது நல்ல செய்தி. ஹோம் உரிமத்தால் ப்ரோ திறக்காது.

பலகையைக் கழற்றுவதற்கு முன்பே ஒரு வேலை செய்துவிட வேண்டும். கணினி ஆக்டிவேட் ஆகியிருக்கும்போதே மைக்ரோசாப்ட் கணக்கில் நுழைந்து, செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்தைப் பாருங்கள். உரிமம் உங்கள் கணக்கோடு இணைந்திருப்பதாக அங்கே எழுதியிருக்க வேண்டும். அப்படியிருந்தால், பலகை மாற்றிய பின் அதே பக்கத்தில் உள்ள டிரபிள்ஷூட்டரைத் திறந்து, வன்பொருளைச் சமீபத்தில் மாற்றியதாகத் தெரிவிக்கலாம். இந்த வசதி 2016 ஆகஸ்டிலிருந்து இருக்கிறது. மின்னல் அடித்த பிறகு இணைக்க நினைத்தால் நேரம் கடந்துவிட்டது. அப்போது மைக்ரோசாப்ட் உதவி மையத்தைத்தான் அணுகவேண்டும். வாங்கிய ரசீதும், பலகை பழுது என்று கடைக்காரர் எழுதிய சீட்டும் அங்கே கைகொடுக்கும்.

அதுவரை பதற வேண்டாம். ஆக்டிவேட் ஆகாத விண்டோஸ் நின்றுவிடாது. பின்னணிப் படத்தையும் வண்ணத்தையும் செட்டிங்ஸில் மாற்ற முடியாது. அந்த எழுத்தும் மூலையில் தொந்தரவு செய்யும். கோப்புகள் திறக்கும், பாடங்கள் ஓடும். அவசரத்தில் இணையச் சந்தையில் அடிமாட்டு விலைக்கு விற்கும் சாவியை வாங்கிவிடாதீர்கள். அவற்றில் பல நிறுவனங்களுக்கு மொத்தமாகத் தந்த உரிமத்திலிருந்து கசிந்தவை. எப்போது வேண்டுமானாலும் முடக்கப்படலாம்.

இன்னும் ஒட்டுத்தாள் உள்ள பழைய பெட்டி வைத்திருப்பவர்கள் அதைக் கைப்பேசியில் படமெடுத்து வையுங்கள். ரிங்லெட் ஈரத்தில் அந்த எண்கள் சீக்கிரமே மங்கிவிடும்.