பூச்சிக்கு மருந்தா, குளவியா?

சுபாங் ஜெயா இரவுச் சந்தையில் முட்டைக்கோஸ் வாங்குபவர்கள் ஓட்டை இல்லாத இலையைத்தான் தேடுகிறார்கள். அந்த இலைக்காகத்தான் கேமரன் மலைத் தோட்டங்களில் மருந்து அடிக்கப்படுகிறது. இரசாயன முறை சிறந்ததா, உயிரியல் முறை சிறந்ததா என்ற கேள்விக்கு அந்த மலையிலேயே ஒரு பாடம் இருக்கிறது.

முட்டைக்கோசின் பெரும் எதிரி வைரமுதுகு அந்துப்பூச்சி. இதன் புழுக்கள் இலையைச் சல்லடையாக்கிவிடும். இரசாயன மருந்து அடித்தால் புழுக்கள் விரைவில் சாகும்; பயிர் தப்பும். அதுவே அம்முறையின் பலம்.

ஆனால், மருந்தைத் தாங்கிப் பிழைக்கும் சில பூச்சிகள் அதே சக்தியுள்ள வாரிசுகளைப் பெருக்குகின்றன. வெப்ப நாடுகளில் இப்பூச்சிக்கு ஓர் ஆண்டில் பத்துக்கும் மேற்பட்ட தலைமுறைகள் உண்டு. ஜாவாவில் 1953-ஆம் ஆண்டிலேயே இது டிடிடி மருந்துக்கு அசையாமல் நின்றது. மருந்து பலிக்காதபோது விவசாயி அளவைக் கூட்டுகிறார். செலவும் கூடுகிறது, மருந்து தெளிக்கும் தொழிலாளியின் உடல்நலமும் கெடுகிறது, காய்கறியில் நச்சு எச்சமும் தங்குகிறது.

1970-களில் வேளாண் ஆராய்ச்சிக் கழகமான மார்டி, டயடெக்மா என்னும் சிறு குளவியைக் கேமரன் மலைக்குக் கொண்டுவந்தது. இக்குளவி புழுவின் உடலுக்குள் முட்டையிடும். குஞ்சு உள்ளிருந்தே புழுவைத் தின்று வளரும். குளிர்ந்த மலைப்பகுதி அதற்கு ஏற்ற இடம்.

எனினும், தொடக்கத்தில் எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை. மருந்துக்குப் பழகிப்போன புழு பிழைத்தது. பழகாத குளவி மடிந்தது. விவசாயிகள் கடும் மருந்துகளைக் குறைத்து, புழுவை மட்டும் தாக்கும் பி.டி. என்ற நுண்ணுயிர் மருந்துக்கு மாறிய பிறகே, 1980-களின் பிற்பகுதியில் குளவிகள் பெருகி அந்துப்பூச்சியைக் கட்டுப்படுத்தின.

உயிரியல் முறையிலும் குறை உண்டு. பலன் தெரியச் சற்றுப் பொறுக்க வேண்டும். பி.டி.யை மட்டுமே திரும்பத் திரும்ப அடித்தால் அதையும் பூச்சி வென்றுவிடும். ஹவாய்த் தீவுகளின் தோட்டங்களில் அப்படி நடந்தது 1990-இல் வெளியான ஆய்வில் தெரியவந்தது.

ஆகவே, குளவியை முன்னே நிறுத்தி, மருந்தைக் கடைசி ஆயுதமாக வைத்துக்கொள்வதே அறிவுடைமை. புழுக்களை எண்ணிப் பார்த்து, சேதம் எல்லை மீறினால் மட்டும், குளவியைக் கொல்லாத மருந்தை அளவோடு அடிக்கலாம்.

வாங்குபவருக்கும் இதில் பங்குண்டு. காய்கறியை ஓடும் நீரில் கழுவினாலும் இலைக்குள் ஊடுருவிய மருந்து போகாது. வெளி இலையில் இரண்டு ஓட்டைகள் இருந்தால் அதைக் கிள்ளி எறிந்துவிட்டுச் சமைக்கலாம். சந்தையில் அந்த ஓட்டையை மக்கள் பொறுத்துக்கொண்டால், மலையில் ஒரு தெளிப்பு குறையும்.