பெட்டா மீன்களின் நிறங்களும் துடுப்பு வகைகளும்

பெட்டா அல்லது சியாமியச் சண்டை மீன் என்பது தாய்லாந்தைத் தாயகமாகக் கொண்ட நன்னீர் மீன் இனம் ஆகும். இதன் அறிவியற் பெயர் பெட்டா ஸ்பிலெண்டன்ஸ். தாய் மொழியில் இதனைக் "கடிக்கும் மீன்" என்னும் பொருள்படும் பெயரால் அழைக்கின்றனர். 2019 இல் தாய்லாந்து அரசு இதனைத் தேசிய நீர்வாழ் விலங்காக அறிவித்தது. நெல் வயல்களிலும் ஆழமற்ற தேங்கு நீரிலும் வாழும் இயற்கை மீன், மங்கிய பழுப்பு நிறமும் குறுகிய துடுப்புகளும் உடையது. கடைகளில் காணப்படும் பகட்டான மீன்கள் யாவும் மனிதர் தேர்ந்து இனப்பெருக்கம் செய்ததன் விளைவுகளே.

நிறங்கள்

பெட்டாவின் தோலில் மஞ்சள், கறுப்பு, சிவப்பு நிறமி உயிரணுக்களும், ஒளியைத் தெறிக்கும் உயிரணுக்களும் உள்ளன. இவற்றுள் ஒன்று மிகும்போதோ குறையும்போதோ புதிய நிறம் தோன்றுகின்றது. நீலத்திற்குத் தனி நிறமி கிடையாது. நுண்படிகங்களில் ஒளி தெறிப்பதாலேயே அது தெரிகின்றது.

நீல மீன்களின் மரபியல் மாணவர்களுக்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். அடர்நீல மீன்கள் இரண்டை இணைத்தால் குஞ்சுகள் யாவும் அடர்நீலமாக இரா. ஏறத்தாழ பாதி அடர்நீலமாகவும், கால் பங்கு பசுநீலமாகவும், கால் பங்கு எஃகு நீலமாகவும் அமையும். இது முழுமையற்ற ஓங்குதன்மை எனப்படும். பசுநீலத்தையும் எஃகு நீலத்தையும் இணைத்தால் மட்டுமே அனைத்துக் குஞ்சுகளும் அடர்நீலமாகும்.

"மெலனோ" எனப்படும் கருநிறப் பெண் மீனின் முட்டைகள் பொதுவாகப் பொரிப்பதில்லை. ஆகவே கருமைக்கான மரபணுவை மறைவாகக் கொண்ட வேறு நிறப் பெண் மீனைப் பயன்படுத்துவர். "மார்பிள்" வகையின் திட்டுகள் வாழ்நாள் முழுவதும் மாறக்கூடும். எனவே வாங்கும்போதுள்ள நிறம் நிலைக்கும் என நம்ப இயலாது. 2016 இல் தாய்லாந்துக் கொடியின் நிறங்கள் கொண்ட மீனொன்று 53,500 பாட் தொகைக்கு விற்கப்பட்டது.

துடுப்பு வகைகள்

சண்டைக்காக வளர்க்கப்பட்ட குறுந்துடுப்பு வகை "பிளாகாட்" எனப்படும். கடைகளில் மிகுதியாகக் கிடைப்பது, நீண்டு தாழ்ந்து தொங்கும் முக்காட்டு வால். அரைநிலவு வகையில் வால் விரியும்போது 180 பாகைக் கோணம் அமையும். இந்தோனேசியாவில் உருவான கிரீடவாலில், துடுப்பு முட்கள் இடைச்சவ்வைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும். இரட்டைவால் ஓர் ஒடுங்கு பண்பு. இவ்வகை மீனின் உடல் சற்றுக் குட்டையாகவும் முதுகுத்துடுப்பு அகன்றும் இருக்கும்.

அழகுக்காக மட்டும் தேர்ந்தெடுப்பதால் கேடுகளும் உண்டு. "டிராகன்" வகையின் தடித்த வெண்செதில்கள் சில மீன்களின் கண்ணையே மூடிப் பார்வையைக் கெடுக்கின்றன. மிக அகன்ற வாலுடைய அரைநிலவு மீன்கள் நீந்தச் சிரமப்படுவதுடன், சில வேளைகளில் தம் வாலைத் தாமே கடித்துக்கொள்கின்றன. இத்தகைய மீன்களுக்கு நீரோட்டம் குறைந்த தொட்டியும் கூர்முனையற்ற அலங்காரப் பொருட்களும் தேவை.

புதிதாக வளர்ப்போருக்குப் பிளாகாட் வகையே ஏற்றது.