தாயா, சித்தியா? பதில் சொன்ன கோடுகள்!

பிஸ்கட் பாக்கெட்டின் பின்பக்கம் தடித்தும் மெலிந்தும் கறுப்புக் கோடுகள் இருக்குமே, கவனித்திருக்கிறீர்களா சுட்டிகளே? அதேபோன்ற கோடுகளை உங்கள் டி.என்.ஏ.விலிருந்தும் எடுக்கலாம். அதற்குப் பெயர்தான் மரபணு ரேகை.

இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1984 செப்டம்பர் 10 அன்று காலை, விஞ்ஞானி அலெக் ஜெஃப்ரீஸ் ஓர் எக்ஸ்ரே ஃபிலிமைக் கழுவி எடுத்தார். அவருடைய உதவியாளர், அவரது அம்மா, அப்பா மூவரின் டி.என்.ஏ. அதில் கோடுகோடாகப் பதிந்திருந்தது. மகளின் கோடுகளில் பாதி அம்மாவிடம் இருந்தது, பாதி அப்பாவிடம் இருந்தது!

கோடு எப்படி வருகிறது? மனிதர்கள் எல்லோருக்கும் டி.என்.ஏ. கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் சில இடங்களில் ஒரே சிறு துண்டு, ரயில் பெட்டிகள் மாதிரி திரும்பத் திரும்பக் கோத்திருக்கும். ஓரிடத்தில் உங்களுக்கு 12 பெட்டி என்றால், உங்கள் நண்பனுக்கு 17 இருக்கலாம். இந்த ரயில்களை வெட்டியெடுத்து, ஜெல்லி போன்ற ஒரு பொருளில் வைத்து மின்சாரம் பாய்ச்சுவார்கள். குட்டி ரயில் வேகமாக ஓடிவிடும். நீள ரயில் பின்தங்கிவிடும். அவை நின்ற இடங்கள்தான் கோடுகள்!

இந்தக் கண்டுபிடிப்பு முதலில் திருடனைப் பிடிக்கவில்லை. ஒரு சிறுவனைக் காப்பாற்றியது. இங்கிலாந்தில் பிறந்த அவன், கானா நாட்டுக்குப் போய் அப்பாவுடன் இருந்துவிட்டு அம்மாவிடம் திரும்பி வந்தான். "இவன் உங்கள் மகன் இல்லை. அக்கா, தங்கை யாருடைய பிள்ளையோ!" என்று சந்தேகப்பட்ட அதிகாரிகள், அங்கே வசிக்க அனுமதி தரவில்லை. ரத்தப் பரிசோதனை 'சொந்தம்தான்' என்றது. ஆனால் அவர் தாயா, சித்தியா என்று அதனால் சொல்ல முடியவில்லை.

1985-ல் வழக்கு ஜெஃப்ரீஸிடம் வந்தது. அப்பாவின் ரத்தம் கிடைக்கவில்லை. என்ன செய்வது? அந்த அம்மாவுக்கு இன்னும் 3 பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களிடம் அம்மாவுக்கு இல்லாத கோடுகள் எல்லாம் அப்பா கொடுத்தவைதானே! அப்படியே அப்பாவின் கோடுகளைத் திரட்டிவிட்டார். பிறகு சிறுவனுடைய கோடுகளில் அப்பாவுடையதைக் கழித்தார். மீதி 40. அந்த நாற்பதும் அம்மாவிடம் இருந்தன, ஒன்றுகூடத் தப்பவில்லை! சிறுவன் அம்மாவுடனேயே தங்கினான்.

அடுத்த ஆண்டு போலீஸாரும் ஜெஃப்ரீஸைத் தேடி வந்தார்கள். அப்போதும் முதலில் நடந்தது, செய்யாத கொலையை ஒப்புக்கொண்டிருந்த ஓர் இளைஞரின் விடுதலைதான். உண்மைக் குற்றவாளி பிறகு சிக்கி, 1988-ல் தண்டனை பெற்றான்.

நம் நாட்டில் ஐதராபாத்தின் சி.சி.எம்.பி. ஆய்வகத்தில் இந்த முறையைக் கொண்டுவந்தவர் லால்ஜி சிங். அவருக்குக் கைகொடுத்தது எது தெரியுமா? கட்டுவிரியன் இனப் பாம்பு ஒன்றின் டி.என்.ஏ.!

இப்போது எக்ஸ்ரே ஃபிலிம் தேவையில்லை. வேரோடு பிடுங்கிய ஒரு முடியோ, துளி எச்சிலோ போதும், இயந்திரமே சுமார் 20 இடங்களில் 'பெட்டிகளை' எண்ணிவிடும். ஆனால் அச்சு அசலாக இருக்கும் இரட்டையர்களிடம் மட்டும் அது திணறிப்போகும். இருவருக்கும் ஒரே கோடுகள்தான். விரல் ரேகையோ அவர்களுக்குக்கூட வேறு வேறு. அப்போது போலீஸார் பழைய மைப்பெட்டியைத்தான் தேட வேண்டும்!