ஆபத்துக்கு உதவும் பயிற்சி

2025ஆம் ஆண்டு மே 7ஆம் தேதி 244 குடிமைப் பாதுகாப்பு மாவட்டங்களில் ஒத்திகை என்று அரசு அறிவித்தது அன்பர்களுக்கு நினைவிருக்கும். அதற்குப் பிறகு சங்கத்தில் என்னைப் பார்ப்பவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "சிவில் டிபன்ஸ், சிவில் டிபன்ஸ் என்று ஞாயிற்றுக்கிழமைகளில் போய்விடுகிறீர்களே, அங்கே அப்படி என்னதான் சொல்லிக் கொடுக்கிறார்கள்?" மும்பையில் பதினெட்டு ஆண்டுகளாகத் தொண்டனாக இருந்து வருபவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

குடிமைப் பாதுகாப்பு என்றால் யுத்த காலத்து விஷயம் என்று பலர் எண்ணுகிறார்கள். தவறில்லை. 1968ஆம் ஆண்டுச் சட்டம் யுத்தத்தை மனத்தில் வைத்துத்தான் இயற்றப்பட்டது. 1971இல் ஜன்னல் கண்ணாடிகளில் கறுப்புக் காகிதம் ஒட்டிய கதையை இங்கேயுள்ள பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். பின்னர், 2009ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் வெள்ளம், பூகம்பம் போன்ற பேரிடர்களும் அதில் சேர்ந்தன. ஜெர்மனியில் தீயணைப்பு வீரர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காத தொண்டர்களே. நம் நகரங்களில் அப்படியில்லை. மாநகராட்சியின் தீயணைப்புப் படை சம்பளத்துக்கு வேலை செய்யும் படை. தொண்டருக்கு உள்ள வேலை, அந்த வண்டி வந்து சேரும் வரைக்கும், வந்த பிறகு அவர்கள் சொல்கிறபடியும். சாதாரண நாளில் அது சில நிமிடங்கள். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியபோது எந்த வண்டி எங்கே போக முடிந்தது? கழுத்தளவு தண்ணீரில் கயிறு பிடித்து நின்றவர்கள் அக்கம்பக்கத்தார்தாம்.

பயிற்சி தீயிலிருந்துதான் தொடங்குகிறது. எரியும் பொருள், சூடு, காற்று இந்த மூன்றும் சேர்ந்தால்தான் தீ. ஒன்றை எடுத்துவிட்டால் அணைந்துவிடும். கேட்கும்போது பள்ளிக்கூடப் பாடம் போலத்தான் இருக்கும். ஆனால் நம் வீட்டுச் சமையலறையில் வடை பொரிக்கிற எண்ணெய்ச் சட்டி தீப்பிடித்தால் கை தன்னால் தண்ணீர்ச் சொம்பைத் தேடும். அந்தக் கையைத் தடுப்பதுதான் பயிற்சி. கொதிக்கும் எண்ணெயில் விழுந்த தண்ணீர் அடியில் போய் நொடியில் ஆவியாகி, எரிகிற எண்ணெயை நாலாபுறமும் வாரி இறைக்கும். அடுப்பை அணைத்து, சட்டியின் மேல் ஒரு மூடியை ஓரத்திலிருந்து நகர்த்தி மூடி, ஆறும் வரை திறக்காமல் விட்டுவிட வேண்டும்.

கேஸ் விஷயமும் அப்படியே. சிலிண்டர் வாயு காற்றை விடக் கனமானது. மேலே போகாது, தரையோடு தரையாகப் படரும். வாசனை வந்தால் விளக்கைப் போடவும் கூடாது, எரிகிற விளக்கை அணைக்கவும் கூடாது, சுவிட்சில் எழும் பொறி ஒன்றே போதும். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, வெளியே வந்த பிறகுதான் 1906க்குப் போன் செய்ய வேண்டும்.

கட்டிடத்து மாடிப்படியில் தொங்குகிற சிவப்புத் தீயணைப்புக் கருவியை அன்பர்களில் எத்தனை பேர் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறீர்கள்? அது என்னவோ அரை மணி நேரம் பீய்ச்சி அடிக்கும் என்று நினைப்பு. வீட்டுக்கு வாங்கும் சிறிய கருவி சுமார் பத்துப் பதினைந்து வினாடிகளில் தீர்ந்துபோகும். பழகாதவர் ஊசியை இழுக்கத் தடுமாறி, பிறகு கண்ணுக்குத் தெரிகிற ஜுவாலையைப் பார்த்து அடிப்பார். அடிக்க வேண்டியது தீயின் அடிப்பாகத்தில், இடமும் வலமுமாக வீசி. முதுகுப் பக்கம் வெளியேறும் வழி இருக்க வேண்டும். ஒரு கருவி தீர்ந்தும் தீ அடங்கவில்லையென்றால் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்துவிட வேண்டும். இதைத் தட்டில் எரியும் தீயில் நாலு தடவை செய்து பார்த்தவருக்கும், படித்துத் தெரிந்துகொண்டவருக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

அடுத்தது மீட்புப் பயிற்சி. கயிற்றில் முடிச்சுகள், போர்வையும் இரண்டு மூங்கிலும் கொண்டு ஸ்ட்ரெச்சர், இருவர் கைகளைக் கோத்து அமைக்கும் நான்கு கை இருக்கை. புகை நிறைந்த அறையில் மயங்கிக் கிடப்பவரின் இரு மணிக்கட்டுகளையும் முக்கோணத் துணியால் கட்டி, அந்தக் கட்டைத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டு தவழ்ந்தே இழுத்து வருவது ஒரு முறை. தரையை ஒட்டித்தான் சுவாசிக்கக் காற்று மிஞ்சியிருக்கும், ஆகவே தவழல். எண்பது கிலோ ஆளை ஐம்பது கிலோ பெண்மணி இப்படி இழுத்து வந்ததை நான் பார்த்திருக்கிறேன். தீ விபத்தில் லிப்ட் கூடாது என்பதால், நடக்க முடியாத பாட்டியை நாற்காலியோடு படியிறக்கவும் பழக்குகிறார்கள். மாடிக் குடியிருப்புகளில் வாழும் நமக்கு மிகவும் வேண்டியது இது என்பேன்.

இத்தனையிலும் கடினமான பாடம் வேறு. எப்போது போகக்கூடாது என்பது. 1944 ஏப்ரல் 14 அன்று மும்பை விக்டோரியா துறைமுகத்தில் 'போர்ட் ஸ்டிகின்' என்ற கப்பல், பஞ்சுப் பொதிகளையும் வெடிமருந்தையும் சேர்த்தே சுமந்து நின்று வெடித்தது. தீயை அணைக்கப் போன 66 தீயணைப்பு வீரர்கள் மாண்டனர். அந்த நாள்தான் நாடு முழுவதும் தீயணைப்புப் பணி நாளாக அனுசரிக்கப்படுகிறது. அவர்கள் முறையாகப் பழகியவர்கள், கடமைக்காகப் போனவர்கள். பழகாதவர் ஆர்வத்தில் போனால் என்ன ஆகும் என்பதற்குச் செய்தித்தாளில் அடிக்கடி வரும் கழிவுநீர்த் தொட்டி விபத்தே சாட்சி. உள்ளே இறங்கினவர் விஷவாயுவில் மயங்கி விழுவார். தூக்கப் போன தம்பி விழுவார். அவரைத் தூக்க மூன்றாமவர். பயிற்சி பெற்ற தொண்டர் அந்த இடத்தில் செய்யும் முதல் உதவி, மூன்றாமவரின் தோளைப் பிடித்து நிறுத்துவதுதான். பார்க்கிறவர்கள் ஏசுவார்கள், ஏசட்டும்.

இதெல்லாம் ஒரு தடவை கற்றால் போதுமா? போதாது. மாரடைப்பில் விழுந்தவருக்குச் செய்யும் சி.பி.ஆரை எடுத்துக்கொள்ளுங்கள். நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, ஐந்து முதல் ஆறு செண்டிமீட்டர் ஆழம் அழுத்த வேண்டும். பொம்மையின் மேல் நன்றாகச் செய்தவர்களே ஆறு மாதம் கழித்து வரும்போது ஆழம் குறைந்துவிடும், வேகம் தாறுமாறாகும். அறிவு மறப்பதில்லை, கைதான் மறக்கிறது. சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டிவிட்டு மறுபயிற்சிக்கு வராதவர்களை என்னால் தொண்டராகக் கணக்கில் எடுக்க முடிவதில்லை. கடுமையாகத் தோன்றினால் பொறுத்துக்கொள்ளவும்.

மேலே கற்க விரும்புவோருக்கு நாகபுரி இருக்கிறது. 1957இல் அங்கே தொடங்கிய பயிற்சி நிலையம் பின்னர் தேசியக் குடிமைப் பாதுகாப்புக் கல்லூரியாகி, இப்போது தேசியப் பேரிடர் மீட்புப் படையின் அகாடமியோடு சேர்ந்துவிட்டது. பயிற்றுநர்கள் பலரும் அங்கே உருவானவர்கள். தீயணைப்பு அதிகாரிகளுக்கான தேசியக் கல்லூரியும் அதே ஊரில்தான். இளைஞர்களுக்கு 'ஆபதா மித்ரா' என்ற திட்டம் 2016இல் தொடங்கியது. பன்னிரண்டு நாள் பயிற்சி. பிறகு அதை 350 மாவட்டங்களுக்கு விரித்து ஒரு லட்சம் தொண்டர்களைத் தயாரிக்க முடிவு செய்தார்கள்.

சாலை விபத்தில் உதவினால் போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டுமே என்ற பயம் பலருக்கு உண்டு. நல்லெண்ணத்தோடு உதவுபவருக்கு 2019ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத் திருத்தம் பாதுகாப்பு அளிக்கிறது.

நம்மவர்களுக்கென்று தனியாக ஒன்று சொல்ல வேண்டும். மகனும் மருமகளும் வேலைக்குப் போன பிறகு, ஊரிலிருந்து வந்த அம்மா தனியாக வீட்டில் இருப்பார். இந்தியோ மராட்டியோ தெரியாது. 101ஐச் சுழற்றினால் போதுமா, எதிர்முனையில் கேட்பவருக்கு விலாசம் புரிய வேண்டாமா? "ஆக் லகீ ஹை" என்பதையும், கட்டிடத்தின் பெயர், பக்கத்து அடையாளம், மாடி எண் இவற்றையும் இந்தி உச்சரிப்பிலேயே தமிழில் பெரிய எழுத்தில் எழுதிப் போன் அருகில் ஒட்டி வையுங்கள். இரண்டு தடவை சத்தமாகப் படிக்கவும் வையுங்கள். ஒத்திகைகளில் நான் கண்ட இன்னொன்று, பதற்றத்தில் மனிதர்கள் தாய்மொழியில்தான் கத்துகிறார்கள். தாராவியிலும் செம்பூரிலும் தமிழ் தெரிந்த ஒரு தொண்டர் இருந்தால் "உள்ளே குழந்தை இருக்கு" என்ற ஒரு சொல் வீணாகாது.

சேர விரும்புவோர் பதினெட்டு வயது நிறைந்தவராக இருக்க வேண்டும். பெண்கள் தாராளமாக வரலாம். உங்கள் பகுதிக் குடிமைப் பாதுகாப்பு அலுவலகத்திலோ மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் பேரிடர் மேலாண்மைப் பிரிவிலோ விசாரித்தால் அடுத்த பயிற்சி எப்போது என்று சொல்வார்கள். வரும்போது நைலான், பாலியெஸ்டர் துணி வேண்டாம், சூட்டில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பருத்தி உடையும் மூடிய காலணியும் போதும்.