ஒன்பதாம் வகுப்பும் ஓட்டைக் குடமும்: பள்ளி ஆலோசனைக் குழுக்கள் குறித்து ஒரு விளக்கம்

தமிழில் 'கவுன்சிலர்' என்ற சொல்லுக்கு ஏற்கெனவே ஒரு பொருள் உண்டு. தெருக் குழாயில் தண்ணீர் வராவிட்டால் போய்ப் பார்க்கிறோமே, அவர். 'கவுன்சிலிங்' என்றாலும் நம்மூர்க்காரர்களுக்கு இன்ஜினியரிங் சீட் எடுக்கிற கலந்தாய்வுதான் ஞாபகத்துக்கு வரும். ஆகவே இங்கே தில்லியில் பள்ளிக்கூடத்து டைரியில் "கவுன்சிலரை வந்து பார்க்கவும்" என்று எழுதி வந்தால் நம் குடும்பங்களில் பெரிய கலவரமே உண்டாகிவிடுகிறது. பையன் ஏதோ தப்புத்தண்டா பண்ணிவிட்டான் என்று அப்பா நினைக்கிறார். பையனுக்குப் புத்தி சரியில்லை என்று சொல்லப் போகிறார்கள் என்று அம்மா அழுகிறாள். பெரும்பாலும் இரண்டும் இல்லை. அந்த ஆலோசகர் யார், அவரைச் சுற்றியுள்ள குழு என்ன செய்கிறது என்பதை நம்மவர்களுக்குச் சொல்லலாம் என்றுதான் இதை எழுதுகிறேன். நான் கல்வித் துறைக்காரன் அல்லன். காகிதமும் நோட்டுப் புத்தகமும் விற்கிறவன். ஆனால் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் பெற்றோர், மீதிப் பேர் வாத்தியார்கள். இரு தரப்பு வழக்கையும் கேட்டுக் கேட்டு, அது தொடர்பாகக் கிடைத்ததையெல்லாம் படித்தும் வைத்திருக்கிறேன்.

இந்த வேலை முதலில் பிழைப்புக்கு வழிகாட்டும் வேலையாகத்தான் தொடங்கியது. அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் 1908 ஜனவரியில் பிராங்க் பார்சன்ஸ் என்பவர் ஒரு தொழில் வழிகாட்டு நிலையம் திறந்தார். பொறியியல் படித்து, பின்பு வக்கீலாகி, பேராசிரியராகவும் இருந்தவர். வேலை தேடி அலைந்த இளைஞர்களை உட்கார வைத்து, உன்னை நீ அறிந்துகொள், தொழில்களின் தன்மையை அறிந்துகொள், இரண்டும் எங்கே பொருந்தும் என்று யோசி என்றார். அதே வருஷம் அவர் காலமாகிவிட்டார். அவர் நூல் 1909-இல்தான் வெளிவந்தது. பிறகு ரஷ்யா 1957-இல் ஸ்புட்னிக்கை வானில் ஏற்றியதும் அமெரிக்கர்களுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. கெட்டிக்காரப் பிள்ளைகளைக் கண்டுபிடித்து விஞ்ஞானத்தில் தள்ள வேண்டுமென்று 1958-இல் ஒரு சட்டம் போட்டு, பள்ளி ஆலோசகர்களை உருவாக்கப் பணத்தை ஒதுக்கினார்கள். ஒரு ராக்கெட்டுக்குப் பயந்து பிள்ளைகளின் மனசைக் கேட்க ஆள் போட்டார்கள் என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

நம் நாடு இதில் அவ்வளவு பின்தங்கியதில்லை, ஏட்டளவிலாவது. 1952-இல் அமைந்த இடைநிலைக் கல்விக் குழுவுக்குத் தலைவர் வேறு யாருமில்லை, சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக நீண்ட காலம் இருந்த டாக்டர் ஆர்க்காடு லட்சுமணசாமி முதலியார்தான். உயர்நிலைப் பள்ளிகளில் மாணவர்க்கு வழிகாட்டும் பணி வேண்டும் என்பதை அக்குழுவின் 1953 அறிக்கை வற்புறுத்தியது. 1954-இல் மத்திய அரசு இதற்கென்றே ஒரு நிலையம் அமைத்தது. 1964 முதல் 1966 வரை இயங்கிய கோத்தாரிக் குழு, பத்துப் பள்ளிகளுக்கு ஒருவர் என்ற கணக்கிலாவது சுற்றி வரும் ஆலோசகர் இருக்க வேண்டும் என்றது. பத்துப் பள்ளிக்கு ஒருவர்! அது கூடப் பல இடங்களில் நிறைவேறாமலே அரை நூற்றாண்டு ஓடிவிட்டது.

இங்கே நம் நன்னூலைக் கொஞ்சம் புரட்ட வேண்டியிருக்கிறது. சமண முனிவரான பவணந்தியார் தம் பாயிரத்தில் மாணாக்கரை எட்டாக வகுத்துக் காட்டுகிறார். பாலையும் நீரையும் பிரிக்கும் அன்னம், மேய்ந்ததை அசைபோடும் பசு ஆகியோர் முதல் தரம். உழைப்புக்குத் தக்க விளையும் மண்ணும், சொன்னதையே சொல்லும் கிளியும் இடைத்தரம். ஓட்டைக் குடம், செடிக்குச் செடி தாவும் ஆடு, குளத்தைக் கலக்கும் எருமை, நெய்யை விட்டுவிட்டுக் கசடைப் பிடித்துக்கொள்ளும் வடிகட்டி ஆகியோர் கடைத்தரம். இது போகட்டும், உவமை அழகு. இன்னொரு பட்டியலும் இருக்கிறது: யாருக்கெல்லாம் பாடம் சொல்லலாகாது என்பது. அதிலே சோம்பேறி, நோயாளி, சண்டைக்காரன், கோபக்காரன், தூங்குமூஞ்சி, மந்தபுத்திக்காரன், பழைய நூலைக் கண்டு பயந்து தடுமாறுகிறவன் எல்லாரும் வருகிறார்கள். பவணந்தியார் மேல் எனக்குள்ள பக்தி சிறிதல்ல. ஆனாலும் சொல்கிறேன், இன்றைய பள்ளி ஆலோசகரின் பதிவேட்டைத் திறந்தால் அப்படியே இந்தப் பட்டியல்தான் இருக்கும். அன்று ஆசிரியர் மாணாக்கனைத் தேர்ந்தெடுத்தார், வேண்டாதவனைத் தள்ளிவிடலாம். இன்றோ 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்துக்குப் பிறகு ஆறு முதல் பதினான்கு வயது வரை எந்தப் பிள்ளையையும் தள்ள முடியாது. எனவே கேள்வி மாறிவிட்டது. குடம் ஓட்டை என்று சொல்வதோடு நிற்காமல், ஓட்டை எங்கே, எப்போது விழுந்தது, எதை வைத்து அடைப்பது என்று பார்க்க வேண்டியிருக்கிறது. கொள்வோனுடைய திறம் அறிந்து, அவன் மனம் ஏற்கும்படி கொடுக்க வேண்டும் என்று அதே முனிவர் அதே பாயிரத்தில் சொன்னதுதான் இதற்கு ஆதாரம்.

ஓட்டையைக் கண்டுபிடிக்கும் வித்தையில் சிகாகோ நகரத்துப் பள்ளிகளின் அனுபவம் படிக்கப் படிக்கச் சுவையாக இருக்கிறது. அங்கே உயர்நிலைப் பள்ளி என்பது ஒன்பது முதல் பன்னிரண்டு வரை நான்கு வருஷம். நடுவில் நின்றுவிடும் பிள்ளைகள் மிக அதிகம். சிகாகோ பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் இவர்களுடைய பழைய பதிவேடுகளைத் துருவிப் பார்த்து 2005-இல் ஓர் உண்மையை வெளியிட்டார்கள். பன்னிரண்டாவது முடிப்பானா மாட்டானா என்பது பன்னிரண்டாவதில் தீர்மானமாவதில்லை, ஒன்பதாவதிலேயே ஏறக்குறைய முடிவாகிவிடுகிறது. ஒன்பதாவது முடிவில் குறைந்தது ஐந்து முழுப் பாடங்களுக்கான தகுதி பெற்று, முக்கியப் பாடங்களில் ஒரு பருவத் தோல்விக்கு மேல் வாங்காதவன் 'தடத்தில் இருக்கிறான்' என்று கணக்கு. தடத்தில் இருப்பவர்கள் படிப்பை முடிக்கும் வாய்ப்பு, தடம் விலகியவர்களைப் போல் மூன்றரை மடங்கு. அதைவிட வியப்பு இது: ஒன்பதாவதில் யார் தோற்பார் என்று முன்கூட்டிச் சொல்வதற்கு எட்டாம் வகுப்புத் தேர்வு மதிப்பெண்ணைவிட வருகைப் பதிவேடுதான் நன்றாக உதவுகிறது. மூளை குறைந்தவன் தோற்பதைவிட, வராதவன் தோற்பதுதான் அதிகம்.

வியாபாரிக்கு இது உடனே விளங்கும். கடை திவாலாவது மார்ச் மாதக் கணக்கு முடிக்கிற அன்றைக்கு அல்ல; ஆடியிலேயே வசூல் நின்றிருக்கும், நாம் பேரேட்டைப் பார்த்திருக்க மாட்டோம். சிகாகோவில் பேரேட்டைப் பார்க்கத் தொடங்கினார்கள். பள்ளிதோறும் ஒன்பதாம் வகுப்புக்கென்று ஒரு குழு. ஆசிரியர்கள், ஆலோசகர், நிர்வாகி எல்லாரும் சில வாரங்களுக்கு ஒருமுறை உட்கார்ந்து, யார் வரவில்லை, யார் எந்தப் பாடத்தில் வழுக்குகிறார் என்று பெயர் பெயராகப் பார்த்தார்கள். வீட்டுக்குப் போன் செய்தார்கள், தனிப்பாடம் வைத்தார்கள், விட்ட வேலையை முடிக்க இன்னொரு தடவை அவகாசம் கொடுத்தார்கள். 2007-இல் நூற்றுக்கு 57 பேர் தடத்தில் இருந்தார்கள். 2013-இல் 82 பேர். மதிப்பெண்ணை அள்ளிக் கொடுத்து ஏற்றியிருப்பார்கள் என்று சந்தேகப்படுகிறவர்களும் உண்டு. எனக்கும் முதலில் அந்தச் சந்தேகம் வந்தது. ஆனால் தடத்தில் வந்த அந்தப் பிள்ளைகள் பிறகு பட்டயம் வாங்கி வெளியேறியதும் கூடியிருக்கிறது என்று ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள்.

நம் நாட்டிலும் ஒன்பதாவதுதான் கண்டம். எட்டாவது வரை தேர்ச்சி கொடுத்தே அனுப்பிய காலத்தில் தில்லி அரசுப் பள்ளிகளில் ஒன்பதாவதில் கூட்டம் கூட்டமாகத் தோற்றார்கள். அதைச் சமாளிக்கத்தான் 2016-இல் 'சுனௌதி' என்ற திட்டம் வந்தது, மாணவர்களை அவரவர் நிலைக்கேற்பப் பிரித்து உட்கார வைத்தார்கள். அடிப்படை வாசிப்புக்கு அது உதவியிருக்கலாம். பின்தங்கிய பிரிவில் உட்கார்ந்த பிள்ளையின் மனசு என்ன பாடுபடும் என்பது வேறு கேள்வி.

நல்ல பள்ளியில் குழு எப்படி நடக்கிறது என்று ஓர் உதாரணம் சொல்கிறேன். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம், அப்பா வாரச் சந்தைகளில் கடை போடுகிறவர். பையன் ஒன்பதாவதில் கணக்கில் தொடர்ந்து பூஜ்யம் பூஜ்யமாக வாங்கினான். "இவனுக்குக் கணக்கு வராது" என்று வீட்டிலும் முடிவு, வகுப்பிலும் முடிவு. ஆலோசகர் அம்மா அவனோடு பேசும் முன்னால் வருகைப் பதிவேட்டை எடுத்து வைத்துக்கொண்டார். விடுப்பெல்லாம் வியாழக்கிழமையில் விழுந்திருந்தது. புதன்கிழமை சந்தை, மூட்டை கட்டி வீடு வந்து சேர இரவு பன்னிரண்டு மணி, மறுநாள் பையன் எழுந்திருக்கவில்லை. வியாழன் காலையிலோ தொடர்ந்து இரண்டு பீரியட் கணக்கு! வகுப்பாசிரியை, கணக்கு ஆசிரியர், ஆலோசகர், அப்பா நான்கு பேரும் அரை மணி நேரம் உட்கார்ந்தார்கள். புதன்கிழமை எட்டரைக்கே பையனை வீட்டுக்கு அனுப்பிவிடுவது அப்பா பொறுப்பு. விட்டுப்போன அத்தியாயங்களை வெள்ளிக்கிழமை சாப்பாட்டு வேளையில் சொல்லிக் கொடுப்பது கணக்கு வாத்தியார் பொறுப்பு. ஆறு வாரம் கழித்து மறுபடி பார்ப்பது என்று தேதி குறித்தார்கள். பையன் அந்த வருஷம் தேறிவிட்டான். முதல் மதிப்பெண் ஒன்றும் இல்லை, தேறினான்.

இதில் மந்திரம் எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். யார் எதைச் செய்வது, எப்போது திரும்பப் பார்ப்பது, இந்த இரண்டும் எழுதி வைக்கப்பட்டால் அது குழு. "பையனைக் கொஞ்சம் கவனிச்சுக்கோங்க" என்று சொல்லி டீ குடித்துக் கலைந்தால் அது வெறும் கூட்டம்.

சில பிள்ளைகளுக்கு ஓட்டை வேறு இடத்தில் இருக்கும். வாயால் கேட்டால் பதில் சொல்வான், எழுதச் சொன்னால் எழுத்துகள் இடம் மாறும். 2007-இல் வந்த 'தாரே ஜமீன் பர்' படத்துக்குப் பிறகு டிஸ்லெக்ஸியா என்ற பெயர் எல்லாருக்கும் தெரியும். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் இந்தக் கற்றல் குறைபாட்டையும் தன் 21 வகைகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. உரிய அரசு மருத்துவச் சான்றிதழ் இருந்தால் சி.பி.எஸ்.இ. பொதுத் தேர்வில் மூன்று மணி நேரத் தாளுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும்; தேவையானால் எழுதுவதற்கு ஆளும் வைத்துக்கொள்ளலாம். இதையெல்லாம் தேர்வுக்கு முந்தின வாரம் ஓடிப் பிடிக்க முடியாது. ஒன்பதாவதில் போர்டுக்குப் பெயர் பதியும்போதே பள்ளியின் சிறப்பாசிரியரிடம் பேசிவிட வேண்டும். நம் பிள்ளைகள் விஷயத்தில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, வகுப்பில் இங்கிலீஷ் என்று வளரும் பிள்ளை தடுமாறுவது மொழி மாற்றத்தாலா, குறைபாட்டாலா என்று தெரியாமல் முத்திரை குத்திவிடுகிறார்கள். ஊரிலிருந்து மாற்றலாகி வந்த முதல் வருஷத்தில் இது அதிகம். அவன் தமிழில் எப்படி வாசிக்கிறான் என்று ஆலோசகருக்குச் சொல்ல வேண்டியது பெற்றோர்தான். வேறு யாருக்கும் அது தெரியாது.

இனி கசப்பான விஷயம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-இல் நாடு முழுவதும் பதின்மூவாயிரத்துக்கு மேற்பட்ட மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள். எல்லாமே தேர்வுத் தோல்வியால் அல்ல. குடும்பச் சண்டை, நோய், காதல் என்று காரணங்கள் பல. சி.பி.எஸ்.இ. 1998 முதல் தேர்வுக் காலத்தில் தொலைபேசி ஆலோசனை நடத்தி வருகிறது. தமிழக அரசு 2017-இல் மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதை நிறுத்தியதும் நல்ல காரியம். அந்த முதலிடப் புகைப்படங்களைப் பார்த்துப் பக்கத்து வீட்டுப் பிள்ளை என்ன பாடுபட்டது என்று எந்தப் பத்திரிகையும் எழுதியதில்லை. உச்ச நீதிமன்றம் 2025 ஜூலை 25-ஆம் தேதித் தீர்ப்பில், நூறு மாணவர்களோ அதற்கு மேலோ உள்ள கல்வி நிலையங்கள் பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவரையேனும் வைத்திருக்க வேண்டும், சிறிய நிலையங்கள் வெளி நிபுணரோடு முறையான தொடர்பு வைத்துக்கொள்ள வேண்டும் என்று கூறியிருக்கிறது. அமெரிக்க ஆலோசகர் சங்கம் 250 மாணவருக்கு ஒருவர் என்கிறது, அங்கேயே சராசரி அதைத் தாண்டித்தான் இருக்கிறது. இங்கே ஒருவரே இரண்டு மூன்று பள்ளிகளை ஓடி ஓடிப் பார்க்கிற நிலைமையும் உண்டு. அவர் மேல் எரிந்து விழுவதற்கு முன் இதையும் நினைக்க வேண்டும்.

"அவன் என்ன சொன்னான்னு எங்ககிட்ட சொல்ல மாட்டேங்கிறாங்க" என்பது நம்மவர்கள் அடிக்கடி சொல்லும் புகார். சொல்ல மாட்டார்கள்தான். வைத்தியரிடம் சொன்னதைப் போல அது ரகசியம். தன் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து என்றால், அல்லது பிள்ளையை யாரோ துன்புறுத்துகிறார்கள் என்றால் அப்போது மட்டும் ரகசியம் கிடையாது. உரியவரிடம் சொல்லியே ஆக வேண்டும். மற்றபடி ஒரு பதினான்கு வயதுப் பிள்ளை தன் அப்பாவிடம் சொல்ல முடியாததை ஒரு நல்ல மனிதரிடம் சொல்லிக்கொள்வதில் நமக்கென்ன நஷ்டம்?

கடைசியாக, நம்மைப் போலப் பிற மாநிலத்தில் வாழ்கிறவர்களுக்கே உரிய ஒரு தொல்லை. அப்பா வேலைக்குப் போய்விடுவார்; அம்மாவுக்கு இந்தி காய்கறி வாங்குகிற அளவுக்குத்தான் வரும். ஆலோசகர் கூப்பிட்டால் அம்மா போகிறாள், மொழிபெயர்ப்பது யார்? பையனேதான்! ஆலோசகர் இந்தியில் நாலு வாக்கியம் சொல்வார். பையன் "நல்லா படிக்கச் சொல்றாங்கம்மா" என்று ஒரு வாக்கியத்தில் முடித்துவிடுவான். வழக்கில் எதிரியே துபாஷியாக இருந்தால் தீர்ப்பு எப்படி வரும்? நம் சங்கத்தில் இரண்டு மொழியும் சரளமாகப் பேசும் ஓய்வு பெற்ற ஆசிரியைகள் பலர் இருக்கிறார்கள். கூட்டத்துக்கு ஒருவரைத் துணைக்கு அழைத்துப் போகலாம். கேட்டதை வெளியில் பேசாதவராகப் பார்த்து அழைக்க வேண்டும். யாரும் கிடைக்காத நேரத்தில், மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இலவசமாக அழைத்துத் தமிழிலேயே பேசலாம். பள்ளிக்குப் போகும்போது கேட்க வேண்டியவை மூன்றே. இந்த மாதம் எத்தனை நாள், எந்தெந்தக் கிழமை வரவில்லை? எந்தப் பாடத்தில் எந்த அத்தியாயத்திலிருந்து வழுக்கினான்? இனி யார் என்ன செய்யப் போகிறீர்கள், மறுபடி எந்தத் தேதியில் பார்ப்போம்? பதிலை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.