பழைய வீடு வாங்கியிருக்கீங்களா? பெயின்ட் கடைக்கு முன்னாடி மொட்டை மாடிக்குப் போங்க!

பத்திரப்பதிவு முடிஞ்சு சாவி கைக்கு வந்தாச்சு. முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2% என 9% கட்டியதிலேயே சேமிப்பில் பெரிய துண்டு போயிருக்கும். பாலக்கோடோ, பென்னாகரமோ, அரூரோ... நீங்க வாங்கினது 25, 30 வருஷத்து வீடாக இருந்தால், அடுத்து என்ன நடக்கும்னு சொல்லட்டுமா?

வீட்டுல பெரியவங்க பால் காய்ச்ச நாள் பார்ப்பாங்க. ஆடி ஆகாது, புரட்டாசி ஆகாது, மார்கழி ஆகவே ஆகாது. மிஞ்சுற மாசத்துல கிடைச்ச முதல் முகூர்த்தத்தைப் பிடிச்சுடுவாங்க. கையில் இருப்பது மூணு வாரம். அவசரமா பெயின்டரைக் கூப்பிட்டு, பளிச்சுனு அடிச்சு, விருந்தும் போட்டு முடிச்சுடுவோம். அடுத்த மழையில் ஹால் மூலையில் ஒரு மஞ்சள் வட்டம் தெரியும். அதுக்கப்புறம் தளத்தைச் சரி பண்ணவும், அதே சுவருக்கு மறுபடி பெயின்ட் அடிக்கவும் நகையை அடகு வைக்க வேண்டியிருக்கும்.

இந்த இரட்டைச் செலவைத் தவிர்க்கத்தான் இந்தக் கட்டுரை. கண்ணுக்குத் தெரியாத விஷயங்களுக்கு முதலில் பணம் ஒதுக்குங்க. கண்ணுக்குத் தெரியும் வேலைகளை, பணம் தீர்ந்துபோனாலும், நீங்களே ஞாயிற்றுக்கிழமைகளில் செய்துக்கலாம்.

முதல் வேலை: ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு டார்ச், ஒரு ஸ்குரூடிரைவர்

சுத்தியலை எடுப்பதற்கு முன், வீட்டை மேலிருந்து கீழாக ஒருமுறை படிச்சுப் பாருங்க.

மொட்டை மாடி: மழைநீர்க் குழாயின் வாயில் குப்பை இருக்கான்னு பார்த்து எடுங்க. பிறகு குழாயை அடைச்சு, ஓர் அங்குலம் தண்ணீர் நிற்கவிட்டு, 24 மணி நேரம் கழிச்சு உள்ளே வந்து மேல்தளத்தைப் பாருங்க. எங்கே ஈரம் பூக்குதோ அங்கே சாக்பீஸால் வட்டம் போடுங்க. கான்கிரீட் உதிர்ந்து கம்பி தெரிகிற தளமாக இருந்தால் இந்தச் சோதனையே வேண்டாம். நேராகப் பொறியாளரைக் கூப்பிட்டுக் காட்டுங்க.

ஓட்டு வீடு: பகலில் உள்ளே நின்னு விளக்கை அணைச்சுட்டு மேலே பாருங்க. வெளிச்சம் எட்டிப் பார்க்கிற இடமெல்லாம் மழையும் எட்டிப் பார்க்கும். கைமரத்தையும் நிலைகளையும் ஸ்குரூடிரைவரால் தட்டிப் பாருங்க. பொத்துனு சத்தம் வந்தாலோ, முனை உள்ளே இறங்கினாலோ, கரையான் வேலையைக் காட்டியிருக்கு.

சுவர்: ஓதம் அடிச்ச இடத்தில் ஓர் அடிக்கு ஓர் அடி பிளாஸ்டிக் காகிதத்தை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டுங்க. இரண்டு நாள் கழிச்சு, சுவரைப் பார்த்த பக்கம் நீர் கோத்திருந்தால், ஈரம் சுவருக்குள்ளிருந்து வருதுன்னு அர்த்தம். அறையைப் பார்த்த வெளிப்பக்கம் கோத்திருந்தால், காற்றோட்டம் போதலை. ஜன்னலைத் திறந்து வைச்சாலே பாதி தீரும்.

முடிஞ்சால், ஒரு மழைக்காலம் அந்த வீட்டில் இருந்து பார்த்துட்டு பெரிய வேலையை ஆரம்பிங்க. தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் தொடுகிற மாவட்டம் நம்மளுது. வீட்டில் எந்த மூலை ஒழுகும்னு மழை தானாகவே காட்டிக்கொடுத்துடும்.

பணத்தைப் பிரிப்பது எப்படி?

உதாரணத்துக்கு, கையில் 2 லட்சம் ரூபாய் இருக்குன்னு வெச்சுக்கோங்க. முதலில் 30,000 ரூபாயைத் தனியா எடுத்து வெச்சுடுங்க. பழைய சுவரை உடைச்சால் உள்ளே என்ன இருக்கும்னு யாருக்கும் தெரியாது. அந்த எதிர்பாராத செலவுக்கான பணம் இது. மீதியில் தளத்துக்கு 50,000, வயரிங்குக்கு 50,000, குழாய், கழிவறைக்கு 35,000 எனப் பிரிச்சால், 35,000 மிஞ்சும். கதவு, ஜன்னல், பெயின்ட், சமையலறை எல்லாம் அதுக்குள்ள அடங்கணும். வீட்டின் அளவைப் பொறுத்து தொகை மாறும். ஆனால், இந்த வரிசையை மாத்தாதீங்க. மாடுலர் கிச்சன் அடுத்த வருஷம் வரலாம். 30 வருஷத்து வயர் அதுவரைக்கும் பொறுக்காது.

தருமபுரிக்காரங்க மறக்கக் கூடாத குழாய்க் கணக்கு

நம்ம மாவட்டத்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பற்களில் பழுப்புக் கறையோடு வளர்ந்த பிள்ளைகளைப் பார்த்திருப்பீங்க. அதுக்காகத்தான் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கான ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பான் கடனுதவியோடு உருவாகி, 2013-ல் தொடங்கி வைக்கப்பட்டது.

இதுக்கும் ரெனவேஷனுக்கும் என்ன சம்பந்தம்? பழைய வீடுகள் சிலவற்றில் போர்வெல் நீரும் ஒகேனக்கல் நீரும் ஒரே தொட்டியில் விழும். குழாயை மாத்துறப்போவே இதைப் பிரிச்சுடுங்க. குடிநீருக்கு ஒரு சின்னத் தொட்டி, அதிலிருந்து சமையலறைக்கு மட்டும் ஒரு தனி லைன். குளிக்க, துவைக்க போர்வெல் லைன். டைல்ஸ் ஒட்டினதுக்கு அப்புறம் இது தோணினால் செலவு பல மடங்கு.

போர்வெல் நீரைத்தான் குடிக்க வேண்டிய நிலைமைன்னா, குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்துப் பரிசோதிச்சுடுங்க. இந்தியத் தர நிர்ணயப்படி லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஃபுளோரைடு வரை ஏற்கலாம். வேறு நீர் ஆதாரமே இல்லாவிட்டால், அதிகபட்சம் 1.5. இன்னொரு விஷயம், கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது. நீர் வற்ற வற்ற அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். ஆர்.ஓ. வடிகட்டி குறைக்கும்.

பழைய இரும்புக் குழாய்களுக்குள் உப்பு படிஞ்சு, அரை அங்குலக் குழாய் பென்சில் அளவுக்குச் சுருங்கியிருக்கலாம். மேலே தொட்டி நிறைய தண்ணீர் இருந்தும் குழாயில் நூல் மாதிரி வந்தால், மோட்டாரை மாத்தாதீங்க, குழாயைப் பாருங்க.

நீங்களே செய்யக்கூடியவை

* பெயின்ட்: பழைய பூச்சைச் சுரண்டி, பட்டி பார்த்து, உப்புத்தாள் தேய்ச்சு, பிரைமர் அடிச்சு, பிறகு இரண்டு கோட். நேரம் பிடிப்பது முதல் மூணு வேலைகள்தான். அதைச் செய்யப் பொறுமை போதும். 12-க்கு 12 அறை, 10 அடி உயரம் என்றால் சுவர்ப்பரப்பு 480 சதுர அடி. கதவு, ஜன்னலுக்கு 50 கழிச்சால் 430. இரண்டு கோட்டுக்கு லிட்டருக்கு 60 முதல் 70 சதுர அடி என வெச்சால், 6 முதல் 7 லிட்டர். டப்பாவில் போட்டிருக்கும் கணக்கையும் பார்த்துட்டு வாங்குங்க.
* ஓடு மாற்றுவது, கீல், தாழ்ப்பாள் மாற்றுவது, ஜன்னலுக்குக் கொசுவலை அடிப்பது.
* மொட்டை மாடியில் விரிசலை அடைச்சு, வெள்ளைச் சுண்ணாம்போ, வெப்பம் தடுக்கும் வெள்ளைப் பூச்சோ அடிப்பது. சித்திரை வெயிலில் வீட்டுக்குள்ளே வித்தியாசம் தெரியும்.

இதில் இரண்டு எச்சரிக்கை. கதவு, ஜன்னல்களில் இருக்கும் பழைய எனாமல் பெயின்டில் ஈயம் இருக்கலாம். வீட்டுப் பெயின்டில் ஈயத்தின் அளவை 90 பி.பி.எம்-க்குக் கட்டுப்படுத்தும் விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதனால் உலர்வாகத் தேய்க்காமல், தண்ணீர் தொட்டுத் தேய்ங்க. மாஸ்க் போடுங்க. குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் அந்தப் பக்கம் விடாதீங்க. அடுத்தது, சுண்ணாம்புக் காரையில் பூசின பழைய சுவர்மேல் சிமென்ட் பூசாதீங்க. ஈரம் வெளியேற வழியில்லாமல் சில வருஷத்தில் பாளம் பாளமாகக் கழன்று வரும். அந்த இடத்தில் சுண்ணாம்புப் பூச்சையே கேளுங்க.

கூலி மிச்சம்னு தொடக் கூடாதவை

* வயரிங்: உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனைத்தான் கூப்பிடணும். விளக்குகளுக்கு 1.5 சதுர மி.மீ., மிக்ஸி, ஃப்ரிட்ஜ் பாயின்ட்டுக்கு 2.5, ஏ.சி., ஹீட்டருக்கு 4 என ஐ.எஸ்.ஐ. வயரா கேட்டு வாங்குங்க. எர்த் போட்டிருக்கான்னு பாருங்க. 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம். ஷாக் அடிக்கும் நொடியிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் பெட்டி அது.
* சுவரை இடிப்பது: ‘ஹாலைப் பெருசாக்கலாம்’னு நடுச்சுவரில் கை வைக்காதீங்க. பழைய வீடுகளில் தளத்தைத் தாங்குவதே சுவர்கள்தான். அறையோ மாடியோ கூடுதலாகக் கட்டினால், ஊராட்சியிலோ நகராட்சியிலோ அனுமதியும் வேணும்.
* ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்: உடைக்காதீங்க, துளை போடாதீங்க, அறுக்காதீங்க. அந்தத் தூசு நுரையீரலுக்கு ஆபத்து. அதன்மேல் ஏறவும் கூடாது. பழைய ஷீட் ஆளைத் தாங்காது.
* செப்டிக் டேங்க்: நீங்களும் இறங்கக் கூடாது, யாரையும் இறக்கவும் கூடாது. ஆளை இறக்குவது 2013-ம் ஆண்டு சட்டப்படி குற்றம். லாரியைத்தான் அழைக்கணும்.

மிச்சம் பிடிக்க எங்கே இடம் இருக்கு?

கிரானைட்டுக்குப் பேர்போன பகுதி இது. சமையல் மேடைக்கு முழுப் பலகை வாங்காமல், பட்டறைகளில் கட்பீஸ் கேளுங்க. இடிச்ச வீடுகளின் தேக்கு நிலைகளையும் ஜன்னல்களையும் விற்கிற பழைய மரக்கடைகளில், தட்டிப் பார்த்து, கரையான் இல்லாததை எடுக்கலாம். டைல்ஸுக்கு 10% மட்டும் கூடுதலாக வாங்குங்க. 120 சதுர அடி அறைக்கு 132 சதுர அடி போதும். நல்ல நிலையில் இருக்கும் ரெட் ஆக்சைடு தரையை உடைக்கவே வேண்டாம். கழுவி, மெருகேத்தினால் இன்னும் பல வருஷம் வரும்.

வரிசையும் நாளும்

முதலில் தளம், அடுத்து வயரிங், குழாய், பிறகு பூச்சு வேலை, அதன்பின் தரை, பெயின்ட் கடைசி. தை முடிஞ்சதும் தளத்தைத் தொட்டால், கோடை மழைக்குள்ள முடிச்சுடலாம். புதுப் பூச்சுக்குக் குறைஞ்சது ஏழு நாள் தண்ணீர் அடிக்கணும். பெயின்ட் தொட அது நாலு வாரம் காயணும்.

அதனால், வீட்டுப் பெரியவங்ககிட்ட ஒரு சமரசம் பேசுங்க. “பாலை நல்ல நாள்ல காய்ச்சிடலாம்மா. பெயின்ட் அப்புறம் அடிச்சுக்கலாம்”னு சொல்லிப் பாருங்க. அடுப்பு எரிஞ்சு, பால் பொங்கினால் அவங்களுக்குப் போதும். சுவர் என்ன கலர்னு கேட்கப் போறது விருந்துக்கு வர்ற சொந்தக்காரங்கதான். அவங்க கட்ட வேண்டிய கடன் எதுவும் அந்தச் சுவரில் இல்லையே!