'பரவாயில்லைங்க' போதாது!

"உடம்பு எப்படி இருக்கு?" என்று கேட்டால், நம் தஞ்சாவூர்ப் பக்கத்தில் "பரவாயில்லைங்க" என்பார்கள். வலி உயிரை எடுத்தாலும் அதே பதில்தான்! புற்றுநோய்க்கு வைத்தியம் பார்க்கும் டாக்டருக்கு இது போதுமா?

அதற்காகவே ஒரு கேள்வித்தாள் இருக்கிறது. ஐரோப்பியப் புற்றுநோய் ஆய்வாளர்கள் 1993-ல் வெளியிட்டது. பெயர் கியூ.எல்.கியூ. சி-30. வலி, தூக்கம், பசி, கவலை என 30 கேள்விகள். பெரும்பாலான கேள்விகளுக்கு 'இல்லவே இல்லை' முதல் 'மிக அதிகம்' வரை பதில்கள். தமிழிலும் உண்டு.

தமிழாக்குவது லேசான காரியமில்லை. ஆங்கிலத்தில் பலவீனத்துக்கு ஒரு கேள்வி, களைப்புக்கு ஒரு கேள்வி. நம் ஊரில் இரண்டுக்குமே "முடியலைங்க"தான்! 'சூட்கேஸ் தூக்கச் சிரமமா?' என்று வேறு வருகிறது. நடவுக்குப் போகிற அம்மாவுக்குத் தண்ணீர்க் குடம்தானே தெரியும்? எனவே இருவர் தனித்தனியே மொழிபெயர்த்து ஒப்பிடுவார்கள். வேறு சிலர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்கிச் சரிபார்ப்பார்கள். கடைசியில் நோயாளிகளிடமே, 'என்ன புரிஞ்சுது?' என்று கேட்பார்கள்.

எங்கள் சித்த மருத்துவத்தின் எண்வகைத் தேர்விலும் நாடியோடு 'மொழி'யும் ஒன்று.

உங்கள் வீட்டில் யாருக்காவது இந்தத் தாளைக் கொடுத்தால், மகனோ மருமகளோ நிரப்பிவிடாதீர்கள். படிக்கத் தெரியாதவருக்கு உள்ளபடி வாசித்துக் காட்டுங்கள். பதிலை அவரே சொல்லட்டும். வலி மருந்தைக் கூட்டுவதா, குறைப்பதா என்று டாக்டர் யோசிக்க அந்தப் பதில்தான் உதவும்.